முப்பத்தாறு கிலோமீட்டர்

தருமபுரியில் ரயில் நிலையம் இருக்கிறது. மொரப்பூரிலும் ரயில் நிலையம் இருக்கிறது. முதலாவது, சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் பாதையில். இரண்டாவது, சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம் வழியாகக் கோவை போகும் பாதையில். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ரயிலில்தான் போவேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், தருமபுரியில் ஏறித் தெற்கே சேலம் வரை போய், அங்கே வண்டி மாறி, மறுபடி வடக்கே திரும்பி மொரப்பூர் வந்து சேர வேண்டும். முக்கோணத்தின் ஒரு பக்கம் இல்லை என்பதால் மற்ற இரண்டு பக்கங்களையும் சுற்றுகிற கதை.

சென்னையில் வேலை பார்க்கும் தருமபுரிக்காரர்கள் இந்தச் சுற்றை உடம்பால் அறிந்தவர்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், நல்ல தூக்கத்தில் எழுந்து மொரப்பூரில் இறங்க வேண்டும். விடிய இன்னும் நேரமிருக்கும். பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். பொங்கல், தீபாவளி நாட்களில் இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்: "இந்த ரயிலு தருமபுரிக்கே வந்தா என்னாங்க கொறஞ்சு போயிடும்?" வயதான யாராவது பதில் சொல்வார்: "வந்துட்டுத்தான் இருந்துச்சு. கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான்."

அவர் சொல்வது உண்மை. 1906 முதல் 1941 வரை மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே ரயில் ஓடியது. அதை ஏன் போட்டார்கள், ஏன் கழற்றினார்கள் என்பது பலருக்கும் ஓரளவு தெரியும். எனக்குள் நெடுநாளாக இருந்த கேள்வி வேறு. அதே போர்க்காலத்தில் கழற்றப்பட்ட வேறு பாதைகள் திரும்பி வந்துவிட்டன. இது மட்டும் ஏன் வரவில்லை?

பஞ்சம் கொண்டுவந்த பாதை

மதராஸ் ரயில்வே கம்பெனி 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயிலை விட்டது. அங்கிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூரை நோக்கி நீண்ட பாதை, 1862க்குள் வேலையை முடித்துவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது அது சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி என்று மலைகளுக்கு நடுவிலுள்ள தாழ்வான நிலத்தைப் பிடித்துப் போனது. தருமபுரி மேற்கே உயரமான மேட்டுநிலத்தில் ஒதுங்கிவிட்டது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய். அதில் இன்றும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் கவிழ்கின்றன. அன்றைய பொறியாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காததில் ஆச்சரியமில்லை.

1876இல் பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொன்னது அதைத்தான். அப்போது சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் எல்லாம் சேர்ந்த பெரிய நிலப்பரப்பு. 1871 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881 கணக்கில் சுமார் 16 லட்சம். பத்தாண்டுகளில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை, மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்து நின்றது. செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள்.

பஞ்சத்தில் ரயில் என்ன செய்தது என்பதில் அன்றே இரண்டு கட்சி இருந்தது. ரயில்தான் தானியத்தைக் கொண்டுவந்து உயிர்களைக் காப்பாற்றியது என்றது அரசாங்கம். ரயில் வந்ததால்தான் ஊரிலிருந்த தானியம் அதிக விலை கிடைக்கும் இடத்துக்கு ஓடிப்போனது என்றார்கள் மறுதரப்பினர். ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்கால் வெட்டக் கொடுங்கள் என்று ஆர்தர் காட்டன் வாதாடினார். 1909இல் காந்தி எழுதிய 'இந்து சுயராஜ்ய'த்திலும் ரயில் பஞ்சத்தைப் பெருக்கியது என்ற குற்றச்சாட்டு உண்டு. இரண்டு பக்கத்திலும் உண்மை இருந்தது. ஆனால் ஒரு விஷயம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ரயில் நிலையத்தில் இறங்கிய மூட்டைகளை உள்ளூர்களுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டி வேண்டும். பஞ்சத்தில் முதலில் சாவது மாடு. தீவனமில்லாமல் மாடு செத்த ஊருக்குத் தானியம் எப்படிப் போகும்?

1880இல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை, வறண்ட மாவட்டங்களின் உட்பகுதிகளுக்குப் 'பாதுகாப்பு' ரயில்பாதைகள் வேண்டும் என்றது. லாபத்துக்காக இல்லாமல், அடுத்த பஞ்சத்தில் ஆட்கள் சாகாமல் இருப்பதற்காகப் போடப்படும் பாதைகள். அந்த யோசனை சேலம் மாவட்டத்தில் தண்டவாளமாக மாற இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1905இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, 25 மைல். 1906இல் மொரப்பூர்–தருமபுரி, 18 மைல். இரண்டும் இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய பாதைகள். 1913இல் தருமபுரிப் பாதை ஓசூர் வரை நீண்டது. பெரிய வண்டியின் மூட்டைகளை மொரப்பூரில் இறக்கிச் சின்ன வண்டியில் ஏற்ற வேண்டும். வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் போகும்.

அந்தக் காலத்தில் எல்லா ஊருக்கும் ரயில் இப்படி மேலிருந்து வரவில்லை. தஞ்சாவூரில் ஜில்லா போர்டு நிலவரியோடு கூடுதலாக ஒரு வரி போட்டுப் பணம் திரட்டி, 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குத் தன் சொந்த ரயில்பாதையைத் திறந்தது. நெல் விளையும் நிலம், வரி கட்ட முடிந்த மிராசுதார்கள், அவர்கள் உட்கார்ந்து பேச ஒரு போர்டு எல்லாம் அங்கே இருந்தன. "எங்களுக்கு ரயில் வேண்டும், இந்தா பணம்" என்று சொல்ல முடிந்த ஊர் அது. கேழ்வரகும் சாமையும் விளைந்த தருமபுரிச் சீமைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே ரயில் ஒரு நிவாரணமாக வந்தது. நிவாரணமாகக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது எவ்வளவு எளிது என்பது பிறகு தெரிந்தது.

கேட்க ஆளில்லாத ஆண்டு

1930களில் ரோட்டில் போட்டி வந்தது. மோட்டார் பஸ், ஊருக்குள்ளேயே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனது. பொருளாதார மந்தம் வேறு. இந்தியா முழுக்கக் கிளைப் பாதைகள் நட்டத்தில் ஓடின. கிருஷ்ணகிரிப் பாதை 1936இல் மூடப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, மாவட்டத் தலைநகரமாகவும் ஆன பிறகும் கிடையாது.

மொரப்பூர்–ஓசூர்ப் பாதை இன்னும் ஐந்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. பிறகு இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் அரசுக்கு இரும்பு வேண்டியிருந்தது. மத்தியக் கிழக்குப் போர்முனைகளுக்குத் தண்டவாளம், எஞ்சின், வேகன் எல்லாம் வேண்டியிருந்தது. இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகள் கழற்றப்பட்டன. 1941இல் தருமபுரியின் முறை வந்தது.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போரில் இந்தியாவைக் கேட்காமல் சேர்த்ததை எதிர்த்து, 1939 அக்டோபரில் மதராஸ் மாகாணத்தின் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்திருந்தது. அதற்குப் பிறகு 1946 வரை கவர்னர் ஆட்சிதான். ராஜினாமா செய்த பிரதமர் ராஜாஜி, இந்த ரயில் போய் நின்ற ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். 1940 டிசம்பரில் தனிநபர் சத்தியாகிரகத்துக்காக அவரைக் கைது செய்திருந்தார்கள். ஆக, ஒரு பின்தங்கிய பகுதியின் ஒரே ரயில்பாதையைக் கழற்றும்போது, "ஏன் கழற்றுகிறீர்கள், எப்போது திருப்பிப் போடுவீர்கள்" என்று எழுந்து கேட்கச் சட்டசபையில் அமைச்சரவை இல்லை. அந்த மண்ணில் பிறந்த தலைவரும் வெளியே இல்லை. போர் என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாத காலம்.

திரும்பி வந்தவை

சரி, போர் முடிந்தது. சுதந்திரமும் வந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில், 1951க்கும் 1956க்கும் இடையில், போரில் கழற்றிய பாதைகளைத் திரும்பப் போடுவது ரயில்வேயின் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. நாடு முழுக்க ஏறக்குறைய 430 மைல் நீளத்துக்குப் பாதைகள் இப்படித் திரும்பி வந்தன.

நம் மாகாணத்திலேயே இரண்டு உதாரணம். ஷொரணூரிலிருந்து நிலம்பூருக்குப் போகும் பாதை, தேக்கு மரம் கொண்டுவருவதற்காக 1927இல் போடப்பட்டது. தருமபுரியைப் போலவே அதையும் 1941இல் கழற்றினார்கள். 1954க்குள் அது முழுதாகத் திரும்பிவிட்டது. இன்று கேரளத்தின் அழகான ரயில் பயணம் என்று வீடியோ போடுகிறார்களே, அந்தப் பாதைதான். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் வந்த பாதையும் போரில் காணாமல் போனது. ஏலக்காய் வியாபாரத்தின் ஊர் போடி. 1950களில் அந்தப் பாதையும் திரும்பி வந்தது.

மொரப்பூர்–தருமபுரி அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு ரயில்வேயின் நியாயம் ஒன்றை யூகிக்கலாம். இரண்டரை அடிப் பாதையைத் திரும்பப் போட யாருக்கும் ஆசை வராது. போட்டால் பெரிதாகப் போட வேண்டும், அதற்குப் பணம் அதிகம். ஆனால் எனக்குப் படுவது, பாதையின் அகலத்தைவிட அதன் பின்னால் நின்றவர்களின் கனம் முக்கியம் என்பது. தேக்குக்கு ஒரு வனத்துறை இருந்தது. ஏலக்காய்க்கு வியாபாரிகள் இருந்தார்கள். கேழ்வரகுக்கும் புளிக்கும் யார் இருந்தார்கள்? தருமபுரி அப்போது தனி மாவட்டம்கூட இல்லை. சேலம் மாவட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு தாலுகா. 1965 அக்டோபர் 2இல்தான் தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் என்று ஒன்று இருந்தால், அதற்கு ஒரு கலெக்டர், ஒரு தலைநகரம், "எங்கள் மாவட்டத்துக்கு" என்று தொடங்கும் ஒரு கோரிக்கை எல்லாம் உண்டாகும். பாதைகள் திரும்பி வந்த ஆண்டுகளில் அந்தச் சொல் எங்களிடம் இல்லை.

பாதி ரயில் மட்டும் 1960களின் கடைசியில் வந்தது. சேலம்–தருமபுரி–ஓசூர்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை. 1990களில் அது அகலப் பாதையானது. பழைய குறுகிய ரயில் போன பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கங்களுக்கு மறுபடி ரயில் சத்தம் கேட்டது. ஆனால் கிழக்கே, சென்னைப் பாதையோடு இணைத்த அந்த 18 மைல் விட்டுப்போனது. ஒரு மாவட்டத்தின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை இப்படிப்பட்ட முடிவுகளும்தான் தீர்மானிக்கின்றன. தருமபுரிப் பையன்கள் ஏன் பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டால் நூறு காரணம் சொல்லலாம். ரயில் போகும் திசை அதில் ஒன்று. 2023 டிசம்பர் 30இல் தொடங்கிய கோவை–பெங்களூர் வந்தே பாரத் தருமபுரியில் நிற்கிறது. நல்ல விஷயம். அதுவும் வடக்கு தெற்காகத்தான் போகிறது.

கேட்டுக்கொண்டே இருப்பது

தனி மாவட்டம் ஆனபின் கோரிக்கை வந்தது. வந்தது மட்டுமில்லை, நிற்கவே இல்லை. எங்கள் மாவட்டத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் மிகக் குறைவு. மொரப்பூர் ரயில் அதில் ஒன்று. காங்கிரஸ், திமுக, அதிமுக, பாமக, கம்யூனிஸ்டுகள், வணிகர்கள், பயணிகள் என்று மனு எழுதாத தரப்பு இருக்காது. தேர்தல் வந்தால் சுவரில் முதலில் வருவது காவிரி நீர், அடுத்தது இந்த ரயில்.

எல்லோரும் கேட்கிறார்கள் என்றால் ஏன் கிடைக்கவில்லை? இங்கேதான் கோரிக்கை அரசியலின் உள்வேலை தெரிய வரும். 2002 முதல் 2009 வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, ரயில்வே இணையமைச்சராகத் தமிழ்நாட்டுக்காரர்களே இருந்தார்கள். முதலில் ஏ.கே. மூர்த்தி, பிறகு ஆர். வேலு. இருவரும் பாமக. தருமபுரி அந்தக் கட்சியின் செல்வாக்கான பகுதி. அப்படியிருந்தும் அந்த ஆண்டுகளில் இந்தப் பாதைக்கு ஒப்புதல் வரவில்லை. காரணம், ரயில்வே ஒரு புதிய பாதையைப் பார்க்கும் கண். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு திரும்புமா என்பதுதான் நெடுங்காலமாக அதன் அளவுகோலாக இருந்தது. சரக்கு அதிகம் போகாத பாதையில் அந்தக் கணக்கு தேறாது. ராத்திரி மூன்று மணிக்கு மொரப்பூரில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணின் நேரத்துக்கு அந்தக் கணக்கில் எந்தக் கட்டமும் கிடையாது. 1880இல் பஞ்சக் கமிஷன் 'பாதுகாப்பு' என்று ஒரு கட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவின் ரயில்வே 'சமூகத் தேவை' என்று சொல்லிச் சில பாதைகளைப் போட்டதுண்டு. ஆனால் அந்தக் கதவு தானாகத் திறக்காது, யாராவது தள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல், நிர்வாக வரைபடம். 2003இல் தென்மேற்கு ரயில்வே உருவானபோது தருமபுரி அதன் பெங்களூர்க் கோட்டத்துக்குள் போனது. மொரப்பூர் தெற்கு ரயில்வேயிலேயே இருந்தது. 2007 நவம்பரில் சேலம் கோட்டம் உருவானபோது மொரப்பூர் அதில் வந்தது. அந்தக் கோட்டமே ஒரு நீண்ட கோரிக்கையின் வெற்றி. பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து பிரிப்பதைக் கேரளம் கடுமையாக எதிர்த்தது. மேற்கு மாவட்டங்கள் விடாமல் கேட்டு வாங்கின. ஆனால் அந்த வெற்றியின் விளிம்புக்கு வெளியே நின்றது தருமபுரி. ரயில்வேயில் பயணிகளின் குரலுக்கென்று ஆலோசனைக் குழுக்கள் உண்டு. கோட்டத்துக்கு ஒன்று, மண்டலத்துக்கு ஒன்று. தருமபுரி நிலையத்துக்கு ஒரு வசதி வேண்டுமென்றால் பெங்களூரிலும் ஹூப்ளியிலும் பேச வேண்டும். மொரப்பூருக்கு வேண்டுமென்றால் சேலத்திலும் சென்னையிலும். ஒரே மாவட்டத்து மக்களின் ஒரே கோரிக்கை இரண்டாகக் கிழிந்து, இரண்டு அலுவலகங்களிலும் பாதிக் கோரிக்கையாகப் போய்ச் சேர்கிறது.

இவ்வளவையும் தாண்டி 2016–17 ரயில்வே பட்ஜெட்டில் மொரப்பூர்–தருமபுரி புதிய பாதை இடம்பெற்றது. மூக்கனூர் வழியாக 36 கிலோமீட்டர், மதிப்பீடு சுமார் 359 கோடி ரூபாய். அப்போது தருமபுரியின் மக்களவை உறுப்பினர் அன்புமணி ராமதாஸ். அவர் இதைத் தொடர்ந்து வலியுறுத்தினார். 2019 மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் தேர்தலில் வென்ற திமுகவின் செந்தில்குமாரும் அதே கோரிக்கையைத் தில்லியில் தொடர்ந்து எழுப்பினார். கட்சி மாறியும் கோரிக்கை மாறவில்லை. ஆனால் இதை நான் எழுதும்போதும் அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை.

ஒப்புதலுக்கும் ஓடுவதற்கும் நடுவில் உள்ள தூரம் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. திண்டிவனம்–திருவண்ணாமலைப் பாதை 2006–07இல் ஒப்புதல் பெற்றது. இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டின் பல புதிய பாதைகளுக்கு வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கிய ஆண்டுகளும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு என்ன வரும்? திட்டம் சாகவில்லை என்று சொல்வதற்கு ஒரு மூச்சு வரும், அவ்வளவுதான். போடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் சுலபமாகத் திரும்பி வந்த அந்தப் பாதை, அகலப்படுத்த என்று 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். ஏற்கெனவே இருந்த 90 கிலோமீட்டரை அகலமாக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்.

கேட்டை மூடிய ஊர்

கழற்றிய பாதை பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கதை. எடின்பரோவிலிருந்து தெற்கே எல்லைப்புற ஊர்கள் வழியாக இங்கிலாந்தின் கார்லைல் வரை வேவர்லி பாதை என்று ஒன்று ஓடியது. நட்டம் என்று சொல்லி 1969 ஜனவரியில் மூடினார்கள். கடைசி ராத்திரி வண்டி நியூகாசில்டன் என்ற சின்ன ஊருக்கு வந்தபோது, ஊர் மக்கள் லெவல் கிராசிங் கேட்டை மூடிக்கொண்டு தண்டவாளத்தில் நின்றார்கள். அந்த ஊர்ப் பாதிரியார் கைதானார். வண்டியிலேயே இருந்த அவர்கள் தொகுதி எம்.பி. டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து சமாதானம் பேசி, பாதிரியாரை விடுவிக்கச் செய்த பிறகுதான் வண்டி போனது. நம்மூர் ரயில் மறியல்தான், ரயிலை நிறுத்தியது ரயில் நிற்கக்கூடாது என்பதற்காக.

பாதை போய்விட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், எல்லைப்புற ரயிலுக்கான இயக்கம் என்று ஒரு அமைப்பு உருவானது. ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். அதே நேரத்தில் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வந்திருந்தது. கேட்க வேண்டிய இடம் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் பக்கத்தில் நகர்ந்தது. 2006இல் சட்டம் நிறைவேறியது. 2015 செப்டம்பரில் பாதையின் வடபகுதி, சுமார் 30 மைல், மறுபடி திறந்தது. முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள், எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஹாயிக் என்ற ஊருக்கு இன்னும் ரயில் போகவில்லை. அதனால் அந்த அமைப்பு கலையவில்லை, மீதிப் பாதைக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் நான் கவனிப்பது கையெழுத்துகளின் எண்ணிக்கையை இல்லை. கட்சி சாராத ஓர் அமைப்பு, ஒரே ஒரு பாதைக்காக, தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் உட்கார்ந்திருந்தது. சர்வே அறிக்கையைப் படித்தது, மதிப்பீட்டில் தப்பு இருந்தால் காட்டியது, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த தேதியைக் கேட்டது. எங்கள் பக்கம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் கோரிக்கை பெரும்பாலும் தேர்தல் மேடையில் பிறந்து, முடிவு வந்ததும் தூங்கப் போய்விடுகிறது. எல்லாக் கட்சிக்கும் சொந்தமான கோரிக்கைக்கு ஒரு ஆபத்து உண்டு. அது யாருடைய தினசரி வேலையாகவும் இருப்பதில்லை.

யாருடைய நிலம், யாருடைய பாதை

2018இல் எங்கள் மாவட்டத்துக்கு வேறொரு பாதை வந்தது. சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். தருமபுரி மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கல் நட வந்தார்கள். அந்தச் சாலையைக் கேட்டு எந்த ஊரும் ஐம்பது வருஷம் மனுப் போடவில்லை. அறிவித்த சில மாதங்களிலேயே அளவு எடுக்கும் ஆட்கள் வயலில் இறங்கினார்கள். கிணற்றின் மேல் அடையாளக் கல் விழுந்தது. பெண்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். 2019 ஏப்ரலில் நிலம் கையகப்படுத்தியதைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில், முறைப்படி புதிதாக அறிவிக்கை விட்டுத் தொடரலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தருமபுரிக்காரர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சொன்னவர்களுக்குப் பதில் கிடைக்கும். கேட்காத சாலைக்கு வேகம், கேட்ட ரயிலுக்கு அடிக்கல். ஆனால் ரயிலுக்கும் நிலம் வேண்டும் என்பதை மறைத்துப் பேசக்கூடாது. பழைய பாதை கிடந்த நிலம் இந்த எண்பது ஆண்டுகளில் ரோடாகவும் வீடாகவும் வயலாகவும் மாறிவிட்டது. புதிய பாதை போகும் 36 கிலோமீட்டரிலும் ஒன்று, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களின் மாவும் தென்னையும் கிணறும் உண்டு. ரயில் வேண்டும் என்று கேட்கும் நான் சென்னையில் சம்பளம் வாங்குகிறேன். நிலம் கொடுப்பவருக்கு அந்த ரயிலில் என்ன கிடைக்கும்? 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி அவருக்குச் சேர வேண்டிய பணம் முழுதாக, சீக்கிரமாகச் சேர வேண்டும் என்பதும் ரயில் கோரிக்கையின் பகுதியாக இருக்க வேண்டும். அதைச் சேர்க்காத கோரிக்கை, நாளை அவரையே எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். அப்போது, மக்களே வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிக் கோப்பை மூடுவது சுலபம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு. மனு எழுதுவதும், அரசாணை படிப்பதும், பட்ஜெட்டில் தன் ஊரின் பெயரைத் தேடுவதும் ஒரு படித்த கூட்டத்தின் வேலை. அந்தக் கூட்டம் இப்போதுதான் எங்களிடம் உருவாகியிருக்கிறது. பெரும்பாலும் வெளியூரில் இருக்கிறது, மொரப்பூரில் இறங்கி ஊருக்குப் போகிறது.

ஒவ்வொரு ஆண்டும் மத்திய பட்ஜெட் வந்தபின் ரயில்வே 'பிங்க் புக்' என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. எந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பது அதில் வரிசையாக இருக்கும். இணையத்தில் யாரும் எடுக்கலாம். அதில் தெற்கு ரயில்வேயின் புதிய பாதைகள் பகுதிக்குப் போய், மொரப்பூர்–தருமபுரி என்ற வரியைத் தேடுங்கள். போன ஆண்டு என்ன எண், இந்த ஆண்டு என்ன எண் என்று குறித்து வையுங்கள். எண் குறைந்திருந்தால் உங்கள் எம்.பி.யிடம் ஏன் என்று கேளுங்கள். எண் கூடியிருந்தால், நிலத்துக்கான பணம் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். தேர்தல் இல்லாத வருஷமாக இருந்தால் இன்னும் நல்லது.